எல்லாருக்கும் முந்தி வந்து உட்கார்ந்தவளுக்கு

இன்று காலை சலவைக்காரர் மூட்டையைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கிவிட்டுப் போனார். பேத்தி முடிச்சை அவிழ்த்தாள். கஞ்சியும் நீலமும் வெயிலும் கலந்த வாடை மேலே எழுந்தது. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்தேன். வெளுத்த வெள்ளைச் சேலையின் வாடைக்கு ஒரு கிழவி பயப்படுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்?

அந்தச் சேலையைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டே அவள் சொன்னாள். “பாட்டி, ஞாயித்துக்கெழம இதக் கட்டிக்கிட்டு என்கூட வாங்களேன். டத்தோ கிராமாட்ல புதுசா ஒரு சபை தொறந்திருக்காங்க. கைதட்டிப் பாடுறாங்க. சாமியார் இல்ல, தொர இல்ல. உள்ள வந்துட்டா எல்லாரும் ஒண்ணுதான் பாட்டி.”

கால் வலிக்கிறது என்றேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது.

அக்கா, ‘எல்லாரும் ஒண்ணு’ என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு ஏன் கிலி பிடிக்கிறது என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீ போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வேறு யாரிடம் சொல்ல? உனக்கே எழுதுகிறேன். கன்னியர் மடத்தில் இரண்டு வருஷம் படித்த எழுத்து, கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

அக்கா என்று எழுதியிருக்கிறேன், பார். நீ என்னைவிட நாலு வயது மூத்தவள். உயிரோடு இருந்தபோது ஒரு தரமும் உன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நம் சபை கூடிய மாடியில், ஜெபம் நடக்கும் நேரத்தில், எல்லாரும் சொல்கிறார்களே என்று ‘சகோதரி’ என்பேன். படி இறங்கித் தெருவுக்கு வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். நீ மாடியிலும் தெருவிலும் என்னைக் ‘கிராணியம்மா’ என்றே கூப்பிட்டாய். என் வீட்டுக்காரர் துறைமுகக் கிடங்கில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, அதனால் நான் கிராணியம்மா. நீயும் உன் வீட்டுக்காரரும் ஆற்றில் துணி வெளுத்தவர்கள். அதனால் உனக்கு வெறும் பெயர்.

நாங்கள் பெரிய மாதா கோயிலை விட்டு வந்தது பக்தியால் அல்ல, கோபத்தால். உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். திருநாள் பூசையில் என் மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். கோயில் உபதேசியார் மனைவி வந்து தோளைத் தட்டி, “எழுந்திரிங்க, இது பெரிய வீட்டுக்காரங்க எடம்” என்று எழுப்பிப் பின்னால் அனுப்பினாள். என் மாமியாரை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனாலும் அவரை எழுப்பியவளை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அவள் சாவுக்கும் போகவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் என் வீட்டுக்காரர் மாடிச் சபையைத் தேடிப் பிடித்தார். சீனருடைய ரொட்டிக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. சுரூபம் இல்லை, பீடம் இல்லை. ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, ஒரு முழு ரொட்டி, ஒரே ஒரு பாத்திரம் நிறையத் திராட்சரசம். தமிழர் தமிழிலும் சீனர் சீனத்திலும் ஒரே ராகத்தில் பாடினார்கள். “அங்க இது யார் பெஞ்சுன்னு கேக்க ஆளில்ல” என்றார் என் வீட்டுக்காரர். அந்த ஒரு வார்த்தைக்கு நான் மயங்கினேன். அதன் பிறகுதான் உபதேசியார் எங்கள் வாசலில் வந்து நின்றார். “ஒம் மொதப் பிள்ள நம்ம கல்லறையில கெடக்கான். அங்க போயிட்டா அவன் பக்கத்துல ஒனக்கு எடம் கெடையாது, பாத்துக்க” என்றார். அன்று உள்ளே புகுந்த பயம், அக்கா. ஒன்றைத் தேடிப் போனால் இன்னொன்று கையைவிட்டுப் போகும் என்ற பயம். இன்னும் போகவில்லை.

உன்னையும் என்னையும் ஒரே நாளில்தான் கடலில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நினைவிருக்கிறதா? கப்பலில் வந்தவள்தான் நான், ஆனால் கடலில் கால் வைத்ததில்லை. அலை முழங்காலைத் தொட்டதும் பல் கிட்டிப்போயிற்று. பின்வாங்கித் திரும்பினேன். நீ இடுப்பளவுத் தண்ணீரில் ஏதோ சமையலறையில் நிற்பவள் மாதிரி நின்றாய்.

“நான் நாள் முழுக்கத் தண்ணியிலதானே நிக்கிறேன், கிராணியம்மா. அது ஒண்ணும் செய்யாது. கையக் குடுங்க.”

கொடுத்தேன். உன் விரல்கள் சவுக்காரத்தில் ஊறி ஊறித் தோல் வெடித்துச் சொரசொரவென்றிருந்தன. முங்கி எழும்வரை விடவில்லை. இருவர் வாயிலும் ஒரே உப்புத் தண்ணீர்தான் போயிற்று. எனக்கு அருவருப்பாக இல்லை. உயிர்ப் பயத்தில் ஒன்றும் தோன்றவில்லை. கரை ஏறியதும், ஞானம்மா துண்டோடு காத்திருப்பதைப் பார்த்ததும், கையை விட்டேன். நீ கவனிக்காத மாதிரிக் கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தாய்.

ஞானம்மாவைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பெரிய கிராணியின் மனைவி. என் வீட்டுக்காரருடைய மேலதிகாரி வீட்டம்மா. அவள் சொல்லும் ஒரு வார்த்தையில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் இருந்தது. அவள் செத்து ஆறு வருஷம் ஆகிறது. கல்லறைக்குள் இருந்தாலும் அவளிடம் எனக்குக் கேட்க வேண்டியது இருக்கிறது.

எல்லாரும் வாய் வைத்துக் குடிக்கும் அந்தப் பாத்திரம் வரும் வழி உனக்குத் தெரியும். முதலில் ஆண்கள் பக்கம். அப்புறம் பெண்கள் பக்கம். பெண்கள் பக்கத்தில் முதலில், கை வைத்த நாற்காலியில், ரொட்டிக் கடைக்காரரின் தாயார். கைலியும் நீளச் சட்டையும் போட்டு மலாய் பேசும் சீன நோன்யாக் கிழவி. அப்புறம் சுவரோரம் போட்ட நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி, கைமாறிக் கைமாறிக் கடைசிவரை. யார் எங்கே உட்காரலாம் என்று சட்டம் இல்லை. முந்தி வந்தவர் முன்னால். அவ்வளவுதான்.

நாங்கள் சேர்ந்த மூன்றாம் வாரம், பசாரில் மீன் வாங்கும்போது ஞானம்மா என் காதில் சொன்னாள். “நாளைக்கு வெள்ளனயே வந்துரு. அவ வர்றதுக்கு முன்னாடி ஒக்காந்துடலாம். வெளுக்கிறவ வாய் வச்சத நாம குடிக்கணுமா லா?”

நீ எப்போதும் கடைசி நிமிஷத்தில்தான் வருவாய். ஞாயிறு காலையில் கப்பல் அதிகாரிகளின் வெள்ளை உடுப்புகளைக் கப்பல் கிளம்பும் முன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்படியும் ஒருநாள் நீ கொஞ்சம் முந்திவிட்டால்? அந்தப் பயத்தில் நாங்கள் கால் மணி முன்னால் வந்தோம். எங்களைப் பார்த்து மற்றத் தமிழ்ப் பெண்கள் அரை மணி முன்னால் வந்தார்கள். அவர்களுக்கு முந்த நாங்கள் ஒரு மணி முன்னால் வந்தோம். கடைசியில், கீழே இரண்டாம் ஈடு ரொட்டி வேகும்போதே பதினோரு பெண்கள் முக்காடு போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கதவு கிரீச்சென்றால் பதினோரு தலையும் திரும்பும், நீதானோ என்று.

இதிலே ஒரு வேடிக்கை. நோன்யாக் கிழவி வாய் நிறைய வெற்றிலை போடுகிறவள். அவள் குடித்துக் கொடுக்கும் பாத்திரத்தின் விளிம்பில் சிவப்பாய் எச்சில் கறை இருக்கும். அதை நாங்கள் பதினோரு பேரும் குடித்தோம். அவள் சீனத்தி, நம் சாதி வரிசையிலேயே வராதவள், அதனால் பாதகமில்லை. நீ பல் துலக்கி, தலை முழுகி, ஊரிலேயே வெளுத்த சேலை கட்டி வந்தாய். உன் வாய்தான் எங்களுக்கு ஆகவில்லை.

இந்தச் சங்கதி ரொட்டிக் கடைக்காரருக்கு எப்படிப் புரியும்? அவர்தான் எங்கள் சபைக்கு மூத்தவர். பாவம், நல்ல மனுஷர். விடியற்காலையில் கதவைத் திறந்தால் தமிழ்ப் பெண்கள் படியில் நிற்கிறார்கள். பக்தி என்று நினைத்துவிட்டார். ஒரு ஞாயிறு எல்லார் முன்னாலும் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மலாயில் பேசினார். “இந்தத் தமிழ்ச் சகோதரிகளைப் பாருங்கள். என்ன ராஜின், என்ன ஊக்கம்!” அப்புறம் உன் பக்கம் திரும்பி, அன்பாகத்தான், “நீங்களும் கொஞ்சம் சீக்கிரம் வரப் பாருங்கள், சகோதரி” என்றார். ஞானம்மா முக்காட்டுக்குள் சிரித்தாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ, இல்லை, செவ்வாய்தான், நான் துணி எண்ணிப் போட ஆற்றோரம் வந்தேன். நீ கல்லில் துணியை ஓங்கி அறைந்துவிட்டு நிமிர்ந்தாய்.

“கப்பக்காரன் துணிய விட்டுட்டேன், கிராணியம்மா.”

“ஏன்? நல்ல வேலையாச்சே.”

“எல்லாரும் விடியக்குள்ள வந்து ஒக்காந்திருக்கீங்க. நான் மட்டும் வேலையெல்லாம் முடிச்சிட்டு மிச்ச நேரத்த ஆண்டவருக்குக் குடுக்கிறேன். அந்த மனுசன் சொன்னது நெஞ்சுல தச்சிருச்சு. இந்த ஞாயித்துக்கெழம பாருங்க, நாந்தான் மொத ஆளு.”

முகமெல்லாம் சிரிப்பு. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ‘வராதே, முன்னால் உட்காராதே’ என்றாவது சொல்லியிருக்கலாம். ஏன் என்று நீ கேட்பாய். கேட்டால் நான் என்ன சொல்வேன்? பயந்தேன். “சரி” என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீடு வரும்வரை வரப்போகும் ஞாயிறு என் முதுகுக்குப் பின்னால் நடந்து வருகிற மாதிரியே இருந்தது. சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று ஜெபம் பண்ணினேன். வரவில்லை.

ஞாயிறு நாங்கள் படி ஏறியபோது, நோன்யாக் கிழவியின் நாற்காலிக்கு அடுத்து, பெஞ்சின் முதல் இடத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். கிழவி உன் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், “டுடோக், டுடோக்” என்று உட்காரச் சொல்லிப் பெஞ்சைக் காட்டினாள்.

அதுவரை முந்தியடித்தவர்கள் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி ஒளிந்தார்கள். ஞானம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். “நீ போ. ஒங்கூடத்தானே கடல்ல எறங்குனா.” உன் பக்கத்தில் நான், என் பக்கத்தில் அவள், அப்புறம் ஒவ்வொருத்தியாக. உட்கார்ந்ததும் நீ குனிந்து, “பாத்தீங்களா, சொன்னபடி வந்துட்டேன்” என்றாய். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

பாத்திரத்தைக் கையில் எடுக்கும் முன், மூத்தவர் வாராவாரம் எச்சரிப்பார். மனதில் பகையோடும் அசுத்தத்தோடும் இதைத் தொடுகிறவன் தனக்குத் தானே தண்டனையைக் குடிக்கிறான் என்று. அன்றைக்கு அது எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. வாய் வைத்தால் ஞானம்மா, வைக்காவிட்டால் கடவுள். இரண்டு பக்கமும் நெருப்பு. ஆண்கள் பக்கம் பாத்திரம் நகர நகர, இன்னும் எத்தனை கை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கிழவி குடித்தாள். நீ வாங்கினாய். கண்ணை மூடி, இரண்டு கையாலும் பிடித்து, பிள்ளைக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி வாய் வைத்தாய். பிறகு விளிம்பைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினாய்.

ஞானம்மா என் தொடையைக் கிள்ளினாள். “தூக்கிக் குடி.”

தூக்கினேன், அக்கா. வீட்டில் செம்பைத் தூக்கிக் குடிப்போமே, அந்த மாதிரி அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றினேன். செம்புக்கு வாய் குறுகல். அது வாயகன்ற கனத்த பாத்திரம். ரசம் மடையாக வந்து மூக்கில் ஏறி, கழுத்தில் வழிந்து, வெள்ளைச் சேலை மார்பு முழுக்கச் சிவந்தது. புரையேறி இருமினேன். ஞானம்மா என் கையிலிருந்து பிடுங்கி அவளும் தூக்கினாள், அவள்மேலும் கொட்டியது. அப்புறம் ஒவ்வொருத்தியும். ஒருத்தி செய்ததை அடுத்தவள் செய்யாவிட்டால் அவளுக்கு மானம் போகுமே! ஏழாவது ஆளிடம் போகும்போது பாத்திரம் காலி.

மூத்தவர் வெற்றுப் பாத்திரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நோன்யாக் கிழவி, “அலாமாக்! ஹவுஸ் கா?” என்றாள். உங்களுக்கு அவ்வளவு தாகமா என்று கேட்கிறாள். சீனப் பிள்ளைகள் சிரித்தன.

நீ சிரிக்கவில்லை. என் சேலையைப் பார்த்தாய். ஞானம்மா சேலையைப் பார்த்தாய். வரிசையாக ஒவ்வொருத்தியாகக் கடைசிவரை பார்த்தாய். உன் கண் அப்படிப் போகப் போக, இத்தனை மாதம் நாங்கள் ஏன் விடியுமுன் வந்தோம் என்பதும் உனக்கு விளங்கிக்கொண்டே போனதை நான் பார்த்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

கடைசிப் பாட்டு வரை இருந்தாய். உன் குரல் மட்டும் இல்லை. எல்லாரும் எழுந்ததும் எங்களிடம் வந்தாய். திட்டப்போகிறாய் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“கற காயிறதுக்குள்ள நனைச்சாத்தான் போகும். வீட்டுக்குப் போய் மாத்திட்டு எல்லாரும் குடுத்தனுப்புங்க.”

கொடுத்தனுப்பினோம். வெட்கம் கெட்டவர்கள், கறைபட்ட எல்லாரும் கொடுத்தனுப்பினோம். மூன்றாம் நாள் என் சேலை திரும்பி வந்தது. ஒரு பொட்டுக் கறை இல்லை. கஞ்சி போட்டு, நீலம் போட்டு, வெயிலில் காய்ந்த வாடையோடு.

அப்புறம் ஆண்கள் கூடிப் பேசினார்கள். மூத்தவரிடம் ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. பொதுப் பாத்திரத்தில் நோய் தொற்றும் என்றார்கள், வெளிநாட்டுச் சபைகளில் இப்போது ஆளுக்கொரு குட்டிக் கண்ணாடிக் கிண்ணம்தான் என்றார்கள். மரத்தட்டில் அடுக்கி அதுவும் கப்பலில் வந்தது. எல்லாருக்கும் நிம்மதி. இனி யாரும் விடியுமுன் வரவேண்டியதில்லை. மறு ஞாயிறே பாதிப் பெண்கள் பிந்தித்தான் வந்தார்கள். ஊக்கம் ஏன் குறைந்துவிட்டது என்று மூத்தவர் பாவம் வருத்தப்பட்டார். நீ அந்தக் கிண்ணத்தை விரலில் பிடித்து, “இருமல் மருந்து மாதிரி இருக்கே, கிராணியம்மா” என்றாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். நாலைந்து வாரம் வந்தாய். அதன் பிறகு மேசைத் துணி மட்டும் வெளுத்து வந்தது, நீ வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாயோ என்று பயம்.

எத்தனை வருஷம் கழித்து உன் வீட்டுக்கு வந்தேன்! நீ படுத்துவிட்டாய் என்று உன் மருமகள் வந்து சொன்ன பிறகு. கொடியில் ஊரார் துணியெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. நீ பாயில் ஒரு பிடி எலும்பாகக் கிடந்தாய். மருமகள் தேநீர் ஊற்ற ஒரு குவளையை எடுத்தாள். நீ தலையைத் தூக்கினாய்.

“அதுல வேணாம்மா. மேல, பலகையில கவுத்து வச்சிருக்கேன் பாரு, அந்தக் கண்ணாடிக் கிளாசு. அத எடு.” என்னைப் பார்த்துச் சொன்னாய். “பயப்படாதீங்க கிராணியம்மா. கடையில வாங்குனது வாங்குனபடி இருக்கு. இந்த வீட்டுல ஒருத்தரும் வாய் வச்சதில்ல.”

“எப்ப வாங்குன?”

“அந்த வருசமே. என்னைக்காச்சும் நீங்க வருவீங்கல்ல.”

அன்பாய்ச் சொன்னாயா, அறைந்தாயா? இந்த ஒன்பது வருஷமாக அதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். உன்மேல் எனக்குள்ள கோபம் இதுதான். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசி, அழுது, எங்கேயோ போய் முடிந்திருக்கும். நீ கிளாஸ் வாங்கி வைத்தாய். நாலாம் நாள் போயும் விட்டாய்.

அந்தக் கிளாஸில் நான் தேநீர் குடித்தேன். வாய் வைத்தே குடித்தேன். அப்போது என் மனதில் என்ன இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம் பிறகு வந்தது, வீட்டுக்கு வந்த பிறகு. அந்த நிமிஷத்தில் வந்தது நிம்மதி. அப்பாடா, தனிக் கிளாஸ் வைத்திருக்கிறாளே என்ற நிம்மதி. சாகக் கிடக்கிற உன் முன்னால் உட்கார்ந்து, கடலில் என் கையைப் பிடித்த உன் முன்னால் உட்கார்ந்து, எனக்கு அதுதான் வந்தது. அதை நான் வரவழைக்கவில்லை, தானாக வந்தது. தானாக வருவதை என்ன செய்து துரத்துவது? உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான், அக்கா. அந்த நிம்மதியைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறேன்.

பேத்தி விடவில்லை. மத்தியானமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் சபைப் பாட்டைப் பாடிக் காட்டினாள். பரலோகத்தில் ஒரே பந்தியாம். எல்லா ஜனமும் ஒரே மேசையாம். நம் மூத்தவரும் இதைத்தானே சொல்வார்? “ஏன் பாட்டி ஒங்களுக்கு வேர்க்குது?” என்றாள்.

நரகத்துக்கு நான் அவ்வளவு பயப்படவில்லை. அங்கே ஞானம்மா இருப்பாள், சண்டை போட்டுக்கொண்டு காலம் போய்விடும். எனக்குப் பயம் அந்தப் பந்தியை நினைத்துத்தான். இந்தத் தரமும் நீ முந்திப் போய் உட்கார்ந்துவிட்டாய். உனக்கு அடுத்த இடம் எனக்கு என்று ஏதோ சொல்கிறது. அங்கே ஆளுக்கொரு கிண்ணம் இருக்காது. பாத்திரம் நோன்யாக் கிழவியிடமிருந்து உன்னிடம் வரும். நீ கண்ணை மூடிக் குடிப்பாய். துடைத்து என்னிடம் நீட்டுவாய். அங்கே என்னைக் கிள்ள யாரும் இருக்கமாட்டார்கள், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. என் கை தானாக என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. சத்தியமாகத் தெரியவில்லை.